நாமே அழைத்த ஒற்றன்



திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். அதில் வரும் ஒற்றன் அரசனுக்கு உரியவன். நாட்டைக் காக்கும் பொருட்டு அமர்த்தப்பட்டவன். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட ஒற்றனை அமர்த்தியவர் யார் என்பது நமக்குத் தெரியாது. அவன் யாருக்குச் செய்தி அனுப்புகிறான் என்பதும் தெரியாது. அவன் வேவு பார்ப்பது வேற்று நாட்டையன்று, நம்மையே. வீட்டுக் கூடத்தில் மேசைமீதிருக்கும் கணிப்பொறிக்குள் அவன் குடியிருக்கிறான். ஸ்பைவேர், அதாவது ஒற்று மென்பொருள் என்பது அவன் பெயர்.

அவனோடு பெரும்பாலும் சேர்ந்தே வருபவன் இன்னொருவன். இணையத்தைக் காண நாம் பயன்படுத்தும் உலாவியை அவன் கைப்பற்றிக்கொள்கிறான். நாம் வைத்திருந்த முகப்புப் பக்கம் மறைந்து, முன்பின் அறியாத ஒரு தேடுபக்கம் அங்கே வந்து அமர்கிறது. நாம் ஒன்றைத் தேடினால், விடை நேராக வருவதில்லை. இரண்டு மூன்று இடங்களைச் சுற்றிக்கொண்டு, விளம்பரங்களைச் சுமந்துகொண்டு வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எவருக்கோ காசு சேர்கிறது. இவன் வெளிப்படையாகத் தொல்லை தருகிறான்; ஒற்றனோ ஓசையின்றி இருக்கிறான். எனவே மக்கள் முன்னவனைக் கண்டு சினம் கொள்கிறார்கள், பின்னவனை மறந்துவிடுகிறார்கள். அஞ்ச வேண்டியது பின்னவனுக்கே. நாம் சென்ற பக்கங்களைக் குறித்துக்கொள்வது அவனுக்கு எளிய வேலை. தட்டச்சுப் பலகையில் அழுத்தும் எழுத்துகளையும், உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும் கவர்ந்து செல்லும் வகையினரும் அவருள் உண்டு.

இவர்கள் பூட்டை உடைத்துக்கொண்டு வருவது குறைவு. கதவைத் திறந்து விடுபவர் பெரும்பாலும் வீட்டார்தாம். என் தெருவில் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். பி.டி.எஃப். கோப்பு ஒன்றை வேர்டு கோப்பாக மாற்றித் தரும் இலவச மென்பொருளைத் தேடினாள். தேடலின் உச்சியில் இருந்தது விளம்பரம். அதையே அழுத்தி இறக்கிக்கொண்டாள். அதை நிறுவும்போது ஐந்தாறு முறை ‘நெக்ஸ்ட்’ என்ற பொத்தான் வந்தது. ஐந்தாறு முறையும் அழுத்தினாள். அவற்றுள் ஒரு திரையில், சிறிய எழுத்தில், ஒரு தேடுகருவியையும் சேர்த்து நிறுவ இசைகிறீர்களா என்ற கேள்வி இருந்தது. ‘ஆம்’ என்னும் குறி முன்னரே இடப்பட்டிருந்தது. கேள்வியைக் கேட்டு, விடையையும் தானே எழுதிக்கொண்டு, மாணவரிடம் கையொப்பம் மட்டும் வாங்கும் தேர்வாளரை நான் 35 ஆண்டு ஆசிரியப் பணியில் கண்டதில்லை. மென்பொருள் வணிகத்தில் அது அன்றாட வழக்கம்.

அந்தக் கணிப்பொறியில்தான் அவளுடைய தந்தை வங்கிக் கணக்கைப் பார்ப்பார்; அவள் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்ததும் அதில்தான். முகப்புப் பக்கம் மாறியதைக் கண்டவுடன், நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலைத் திறந்து அந்தத் தேடுகருவியை நீக்கினாள். அது சரியான முதற்படியே. ஆனால் மறுநாள் காலையில் என்னிடம் வந்து, “ஐயா, நேற்று நீக்கினேன், இன்று திறந்தால் அதே பக்கம் வந்து நிற்கிறது” என்றாள்.

மாணவர்களே, இதுதான் இப்பொருளின் உயிர்நிலை. கண்ணுக்குத் தெரிவதை நீக்குவது எளிது. கோரையைக் கையால் பிடுங்கினால் தாள் மட்டும் வரும்; கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். இந்த மென்பொருளுக்கும் கிழங்குகள் உண்டு, ஒன்றல்ல பல. அவை இருக்கும் இடங்களை அறியாதவன் நாள்தோறும் நீக்கிக்கொண்டே இருக்கலாம்.

நாங்கள் இருவரும் அமர்ந்து தேடினோம். முதலில் இணைய இணைப்பைத் துண்டித்தோம். ஒற்றன் நாம் தேடும் வேளையில் செய்தி அனுப்பாமலும், புதிய துணைவரை வருவிக்காமலும் இருக்க வேண்டுமன்றோ? பிறகு உலாவியின் நீட்சிகளைப் பார்த்தோம். எக்ஸ்டென்ஷன் என்று ஆங்கிலத்தில் வழங்கும் இவை, உலாவியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சிறு நிரல்கள். அவள் சேர்க்காத நீட்சி ஒன்று அங்கே இருந்தது. அதற்கு நீக்கும் பொத்தானே இல்லை. அவ்விடத்தில் இந்த உலாவி ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வாசகம் காணப்பட்டது. வீட்டுக் கணிப்பொறிக்கு நிறுவனம் ஏது? அலுவலகங்கள் தம் பணியாளரின் உலாவிகளைக் கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்ட கொள்கை அமைப்பு ஒன்று உண்டு. வந்தவன் அந்த ஆணைப் பலகையைத் தானே எழுதி மாட்டிவிட்டு, தன்னை நீக்கக் கூடாதென்று தனக்கே சட்டம் இயற்றிக்கொண்டான்.

அடுத்து, விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர் எனப்படும் கால அட்டவணையைத் திறந்தோம். கணிப்பொறி குறித்த நேரத்தில் தானாகச் செய்ய வேண்டிய வேலைகள் அதில் பதிவாகியிருக்கும். பொருளற்ற எழுத்துகளால் ஆன பெயருடைய ஒரு வேலை, ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் ஒரு நிரலை இயக்குமாறு எழுதப்பட்டிருந்தது. இரவில் இவள் நீக்கியதைக் காலையில் மீண்டும் நட்டது அதுவே. திரையில் இருந்த உலாவியின் சின்னத்தையும் விடவில்லை. அதன் பண்புகளில் ‘டார்கெட்’ என்ற வரியின் கடைசியில் அந்தத் தேடுபக்கத்தின் முகவரி ஒட்டப்பட்டிருந்தது. உலாவி தூயதாக இருந்தாலும், அதைத் திறக்கும் சாவி கெட்டிருந்தது.

கொள்கைப் பதிவுகள் ரெஜிஸ்ட்ரி என்னும் பேரேட்டுக்குள் இருப்பவை. அதில் ஒரு வரி தவறாக நீங்கினால் கணிப்பொறி எழுந்திராமல் போகவும் கூடும். ஆகையால் பழகாதவர் கைவைக்க வேண்டா. அதற்கென்றே ஆட்வ்கிளீனர் என்னும் கருவி இருக்கிறது. 2016-இல் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. வேறொரு கணிப்பொறியில், அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அதை இறக்கி, எடுத்து வந்து இயக்கினோம். பிறகு விண்டோஸில் உள்ள மைக்ரோசாப்ட் டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ என்ற சோதனையை நடத்தினோம். விண்டோஸ் முழுவதும் எழுவதற்கு முன்னரே அச்சோதனை நடைபெறுகிறது. ஒற்றன் விழித்து ஒளிந்துகொள்ள அவகாசம் இராது. கடைசியாக உலாவியின் அமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மீட்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வழி எஞ்சியிருந்தது. உலாவியில் தம் கணக்கால் நுழைந்திருப்பவரின் நீட்சிகளையும் அமைப்புகளையும் அக்கணக்கு நினைவில் வைத்துக்கொண்டு, அவர் நுழையும் கணிப்பொறிகளுக்கெல்லாம் வழங்கும். இங்கே நீக்கிய நீட்சி அங்கிருந்து திரும்பி வரக்கூடும். ஆதலால் ஒத்திசைவை நிறுத்தி, கணக்கிலிருந்த பழைய நினைவையும் அழித்தபின்னரே இணைய இணைப்பைத் தொடர்ந்து வைத்திருந்தோம்.

இம்முறைகள் ஒரே நாளில் தோன்றியவையல்ல. 2003-ஆம் ஆண்டளவில் கூல்வெப்செர்ச் என்னும் கொடிய உலாவிக் கடத்தி பரவியது. நெதர்லாந்தைச் சேர்ந்த மெரைன் பெல்லெகோம் என்னும் மாணவர் அதை ஒழிக்கவே ஒரு கருவி இயற்றினார். அவரே இயற்றிய ஹைஜாக்திஸ் என்னும் இன்னொரு கருவி அதனினும் புகழ் பெற்றது. அக்கருவி எதையும் நல்லது, தீயது என்று தீர்ப்புக் கூறவில்லை. ஒளிந்திருக்கக்கூடிய இடங்களில் உள்ளவற்றையெல்லாம் வரிசையாக எழுதிக் காட்டியது, அவ்வளவே. தீர்ப்பு பார்ப்பவன் பொறுப்பு. வகுப்பில் புதிதாக ஒருவன் வந்து கடைசிப் பலகையில் அமர்ந்திருந்தால், மாணவர் பெயரை அறிந்த ஆசிரியர் உடனே கண்டுகொள்வார். அறியாதவர் நாற்பது பேரோடு அவனையும் எண்ணிக்கொள்வார். ஆகவே நான் உங்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். கணிப்பொறி நலமாக இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் அதிலுள்ள மென்பொருள்கள், நீட்சிகள், தொடக்கத்தில் தானே இயங்குபவை ஆகியவற்றின் பெயர்களை எழுதி வையுங்கள். கருவிகளுக்கு விலை கொடுப்பவர் பலர். இந்த வருகைப் பதிவேட்டை எழுதியவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மருந்தின் பெயரால் விற்கப்படும் நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘உங்கள் கணிப்பொறியில் நூறு குற்றங்கள் உள்ளன, உடனே பணம் செலுத்துங்கள்’ என்று திரையில் பாய்ந்து வரும் எச்சரிக்கைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். வின்ஃபிக்ஸர் முதலிய பெயர்களில் இவ்வாறு பொய்ச் சோதனை காட்டி விற்ற கூட்டத்தார்மேல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 2008-இல் வழக்குத் தொடுத்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாற்றப்பட்டனர் என்பது அதன் குற்றச்சாட்டு. 2012-இல் 16 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலாவியின் பக்கம் எதுவும் உங்கள் வட்டினைச் சோதித்துப் பார்க்க இயலாது என்ற ஒன்றை அறிந்திருந்தாலே அவ்வெச்சரிக்கையின் பொய்ம்மை விளங்கிவிடும்.

சில வேளைகளில் கேடு கணிப்பொறிக்கு வெளியேயும் இருக்கும். ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டினால், அப்பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லுவது டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு. வழி கேட்பவனுக்கு வேண்டுமென்றே தவறான தெருவைக் காட்டினால் என்னாகும்? டி.என்.எஸ். சேஞ்சர் என்ற மென்பொருள் அதைத்தான் செய்தது. 2011 நவம்பரில் எஸ்தோனிய நாட்டினர் ஆறு பேர் கைதாயினர். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணிப்பொறிகள் அதற்கு இரையாகியிருந்தன. பொய் வழிகாட்டிகளை ஒரே நாளில் நிறுத்தினால் அத்தனை பேருடைய இணையமும் அற்றுப்போகும் என்பதால், நேர்மையான வழிகாட்டிகளை அவற்றின் இடத்தில் அமர்த்தி, 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியிருந்தது. அதன் சில வகைகள் வீட்டு ரௌட்டரையும் மாற்றின. ஆகவே வீட்டில் எல்லாக் கருவிகளும் ஒரே வகையாகத் தடுமாறினால் ரௌட்டரின் டி.என்.எஸ். அமைப்பைப் பாருங்கள், விற்பனையின்போது அதற்கிருந்த கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

ஒற்றனை வெளியேற்றியதால் அவன் முன்னரே அனுப்பிய செய்தி திரும்பி வாராது. அம்மாணவியும் தந்தையும் தூய்மையான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றினார்கள்: முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி. மின்னஞ்சலைக் கைப்பற்றியவன் மற்றவற்றின் கடவுச்சொற்களை அதன் வழியே மாற்றிக்கொள்ள முடியும் என்பதால் இந்த வரிசை. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்தினார்கள். திருடப்பட்ட உள்நுழைவுக் குறிகள் அதனால் பயனற்றுப்போகும். வங்கிக் கணக்கில் பணம் போயிருக்குமானால் 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். காலம் தாழ்ந்தால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

இத்தனையும் செய்தபின்னரும் ஐயம் நீங்காவிடில், அல்லது கடவுச்சொற்களைத் திருடும் வகை அகப்பட்டிருந்தால், விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவுவதே தக்கது. அவ்வாறு செய்யும்போது உங்கள் கட்டுரைகளையும் படங்களையும் மட்டும் நகல் எடுங்கள். நிறுவிய நிரல்களையும், இறக்கி வைத்த நிறுவல் கோப்புகளையும் எடுக்காதீர்கள். ஒரு மாலைப் பொழுது அதற்குச் செலவாகும். வேலை முடிந்த அன்றே, வேறு எதையும் சேர்ப்பதற்கு முன், நோட்டுப் புத்தகத்தில் முதற்பட்டியலை எழுதிவிடுங்கள்.