காய்ச்சலும் காலை ஓட்டமும்



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஃப்ளூ காய்ச்சல், அஞ்சு நாள் ரூமை விட்டு வெளியே வராதேன்னு டாக்டர் சொல்லிட்டார். மூணு நாளா படுத்தே கிடக்கிறேன், உடம்பெல்லாம் பிடிச்சுக்கிச்சு. விடியக்காலம் நாலரை மணிக்கு ரோட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்துடட்டுமா சார்? அதனால யாருக்கு என்ன கெடுதல்?"

நல்ல கேள்வி. தனக்கு வந்தது இன்னொருவருக்குப் போய்விடக் கூடாது என்ற அக்கறை உள்ளவர்தான் நாலரை மணியைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் நம் பகுதியில் நாலரை மணிக்கு ரோடு காலியாக இருப்பதில்லை. ஆறு மணி ஏ ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்காக அந்த நேரத்திலேயே நிற்கத் தொடங்கிவிடுவார்கள். டீக்கடையில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். ஏ ஷிப்ட் முடிந்தால் மதியம் பி ஷிப்ட், ராத்திரி சி ஷிப்ட். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் எந்த நேரத்திலும் யாரோ வேலைக்குக் கிளம்பிக்கொண்டோ வேலை முடிந்து திரும்பிக்கொண்டோ இருக்கிறார்கள்.

காற்றைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். ஃப்ளூ, கொரோனா போன்ற நோய்களின் கிருமி மூச்சோடும் இருமலோடும் தும்மலோடும் வெளியே வருகிறது. ஜன்னல் மூடிய அறையில் அது தேங்கி நிற்கும். வெட்டவெளியில் காற்று அதைக் கலைத்து அடித்துக்கொண்டு போய்விடும். ஆள் நடமாட்டமே இல்லாத வெளியில் ஒரு நோயாளி தனியாக நின்று மூச்சு வாங்கினால், அதனால் பிறருக்கு வரும் ஆபத்து மிகமிகக் குறைவு. இதை மறைத்துப் பேசி யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை.

நிற்பது வேறு, ஓடுவது வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறோம். வேகமாக ஓடும்போது அது 60 லிட்டரைத் தாண்டும். 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென் கொரியாவின் சோனான் நகரில் ஜும்பா நடன வகுப்புகளிலிருந்து கொரோனா பரவியது. மொத்தம் 112 பேருக்கு அது போய்ச் சேர்ந்ததாகக் கணக்கெடுத்தார்கள். நோய் கண்ட பயிற்றுநர்களில் ஒருவர் அதே நாட்களில் பிலாட்டீஸ், யோகா வகுப்பும் எடுத்திருந்தார். அவரிடம் மூச்சு வாங்காமல் நிதானமாகப் பயிற்சி செய்தவர்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. அந்த வகுப்புகளெல்லாம் அறைக்குள் நடந்தவைதான், திறந்த வெளிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மூச்சின் வேகத்துக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஓடலாமே என்பார்கள். வியர்வையில் நனைந்த கவசத்தோடு மூச்சுவிடுவதே கஷ்டம். கடும் உடற்பயிற்சியின்போது முகக்கவசம் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-இல் சொன்னது. ஆக, நோயோடு ஓடுகிறவர் கவசம் இல்லாமல்தான் ஓடுவார்.

அந்த ஆண்டு மார்ச்சில் பிரிட்டனில் ஊரடங்கு போட்டபோது, நலமாக இருப்பவர்கள் நாளுக்கு ஒரு முறை வெளியே போய் நடக்கலாம், ஓடலாம் என்று அனுமதித்தார்கள். நோய் அறிகுறியோடு தனித்திருப்பவருக்கு அந்த அனுமதி கிடையாது. அவர் வீட்டிலோ சொந்தத் தோட்டத்திலோ உடம்பை அசைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஊருக்கு அது சரி. நம் பக்கத்து வல்லத்திலும் மாத்தூரிலும் போந்தூரிலும் சொந்தத் தோட்டம் யாருக்கு இருக்கிறது?

இங்கே இருப்பது லைன் வீடு. முன்பு நெல் விளைந்த இடத்தில் வரிசையாக எழுந்த அறைகள். ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர். ஒடிசாவிலிருந்து வந்தவர், பீகாரிலிருந்து வந்தவர், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வருபவர், காலை ஷிப்ட்டுக்கு எழுந்து போனவரின் பாயிலேயே படுப்பார். வாசலில் செருப்புக் குவியல், கொடியில் நாலு கம்பெனிச் சட்டை. எதிரே ஒருவர் வந்தால் தோளைத் திருப்பிக்கொண்டுதான் ரூம்களுக்கு முன்னால் உள்ள குறுகிய நடையைக் கடக்க முடியும். அந்த நடையின் கோடியில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை, பக்கத்தில் மேலே ஏறும் படிக்கட்டு.

வெளியே போய் ஓடிவிட்டு வருகிறேன் என்பவர் முதலில் இந்த நடையைத் தாண்ட வேண்டும், படியில் இறங்க வேண்டும், திரும்பி வரும்போது மேல்மூச்சு வாங்க அதே படியில் ஏறி அதே நடை வழியாகத்தான் ரூமுக்குப் போக வேண்டும். ஆபத்து இருக்கும் இடம் இதுதான். காற்று நகராத, இரண்டு பேர் ஒட்டிக் கடக்கும் இடம். குளியலறைக்குப் போவதைத் தவிர்க்க முடியாது, அதற்குக் கவசம் போட்டுக்கொண்டு போய்விட்டு வரலாம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவை கடப்பதும் பக்கத்து ரூம்காரருக்கு நாம் வைக்கும் செலவு. ஓடப் போகிறவர் டீக்கடையில் நிற்காமல் திரும்புவதும் அபூர்வம்.

என் பதில் இதுதான். தெருவில் ஓட்டம் வேண்டாம். ஜிம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டும் வாலிபாலும் வேண்டாம். மொட்டை மாடிக்குப் போக வழி இருந்து, அங்கே அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லையென்றால், காய்ச்சல் இறங்கிய பிறகு, கவசத்தோடு படியேறிப் போய் மெதுவாக நடங்கள். வெயிலும் காற்றும் படட்டும். வேறு யாராவது மேலே வந்தால் இறங்கிவிடுங்கள்.

காய்ச்சல் இறங்கிய பிறகு என்றேன். அதை அழுத்திச் சொல்ல வேண்டும். உடம்பு கொதிக்கும்போது இதயம் ஏற்கெனவே வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கிறது, உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் ஓட்டத்தை ஏற்றினால் மயக்கம் வரலாம். சில வைரஸ்கள் இதயத் தசையிலேயே அழற்சியை உண்டாக்கும். அரிதாகத்தான் வரும், ஆனால் அந்த நிலையில் கடுமையாக உழைத்தால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சு வலி, படபடப்பு, இரண்டு படி ஏறினாலே மூச்சுத் திணறல் என்றிருந்தால் உடற்பயிற்சிப் பேச்சையே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வியர்வை வந்தால் காய்ச்சல் போய்விடும் என்று ஓடுகிறவர்கள் உண்டு. அதை நம்பாதீர்கள்.

படுத்தே கிடக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எழுந்து உட்காருங்கள், காலை நீட்டி மடக்குங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து ரூமுக்குள்ளேயே நடங்கள். 2021 கொரோனா அலையில் வீட்டிலிருந்த நோயாளிகளுக்கு ஆறு நிமிட நடை என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிக்கொண்டு ரூமுக்குள் ஆறு நிமிடம் நடப்பது, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் உடனே டாக்டரிடம் போவது. நுரையீரலின் நிலையைத் தெரிந்துகொள்ள அந்த நாலு சுவருக்குள் இருந்த இடமே போதுமானதாக இருந்தது. காய்ச்சல் மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் போகட்டும். அதன் பிறகு சிறிது நடை, நாலைந்து நாள் கழித்துப் பழைய வேகம்.

எல்லா நோய்க்கும் ஒரே கணக்கு கிடையாது. மெட்ராஸ் ஐ வந்தவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது பொய். கை, துண்டு, தலையணை வழியாகத்தான் அது பரவுகிறது. அவர் தனியாக நடக்கலாம். படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவினால் போதும். அம்மை அப்படி அல்ல. சின்னம்மை காற்றிலேயே பரவும், கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்டி உலரும் வரை பரவும். ஒரு வாரம் ஆகலாம். கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைக்கும் அது பொல்லாதது. லைன் வீட்டில் குடும்பங்களும் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. வாசலில் வேப்பிலை செருகி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே வராமல் இருந்த நம் வீட்டுப் பழக்கத்தில் இந்தப் பாதுகாப்பு இருந்தது. பக்கத்து ரூமில் வேறு மாநிலத்துத் தோழர் இருந்தால் அந்த வேப்பிலை எதற்கென்று அவருக்குத் தெரியாது. வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள்.

காசநோயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். ஏனென்றால் திறந்த வெளி, நடை, தனிமை இந்த மூன்றையும் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர் நம்முடையது. தாம்பரம் சானடோரியம் என்ற ரயில் நிலையம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான மருத்துவமனையை 1928-இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திவிட்டு வந்தவர். மருந்து கண்டுபிடிக்கப்படாத அந்தக் காலத்தில் சானடோரியம் என்றாலே நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, காய்ச்சல் தணியத் தணிய அளந்து கொடுக்கும் நடை. வெளிக்காற்றில் நடப்பதே வைத்தியத்தில் சேர்ந்திருந்தது. 1937-இல் அதை அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

பிறகு மருந்து வந்தது. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறுபாதியை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, அரைவயிற்றுச் சாப்பாடு, ஓய்வு குறைவு. நடமாட்டமும் அதிகம். 1959-இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தன. வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகப் பரவிவிடவும் இல்லை. நோயைக் குணமாக்கியதும் பரவாமல் தடுத்ததும் மருந்துதான். இன்றைக்கும் முறையாக மாத்திரை சாப்பிடும் காசநோயாளியிடமிருந்து, சாதாரண வகைக் காசநோய் என்றால், சில வாரங்களிலேயே பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. டாக்டர் சரி என்ற பிறகு அவர் நடக்கலாம், வேலைக்கும் போகலாம். டி.பி. என்று கேட்டதும் ஒரு பையனைப் பெட்டியோடு ரூமை விட்டு அனுப்புகிற கொடுமை இன்னும் நடக்கிறது. அப்படி அனுப்புகிறவர்கள் சேத்துப்பட்டு சொன்ன பாடத்தை அறியாதவர்கள்.

தனித்திருப்பவரின் ஒழுங்கைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போவது நியாயமாகாது. கம்பெனிகளுக்கும் பொறுப்பு உண்டு. 2021 மே 24-ஆம் தேதி தமிழ்நாட்டில் தளர்வில்லாத ஊரடங்கு தொடங்கியது. காலை நடைக்குக்கூடத் தெருவில் இறங்க முடியாத நாட்கள். ஆனால் கார் ஆலைகளுக்கு விலக்கு இருந்தது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் தொழிலாளர்கள் பாதுகாப்புக் கேட்டு உள்ளிருப்பில் உட்கார்ந்தார்கள், ஆலை ஐந்து நாள் மூடப்பட்டது. ஒரகடம் ரெனோ நிசான் தொழிலாளர்கள் உற்பத்தி லைனில் இடைவெளி வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் கேட்டது அன்றைக்கு மட்டும் உரிய விஷயமல்ல. இன்றைக்கும் காய்ச்சல்காரர் லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் பணம் போகிறது. மாத்திரையைப் போட்டுக் காய்ச்சலை அடக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். ஏ.சி. பஸ்ஸில் ஐம்பது பேரோடு ஒரு மணி நேரம். ஆளில்லாத மொட்டை மாடியில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துக்கூடப் பேச முடியாது. மாடிக்கு வராதே என்று அதட்டுகிற நாம், காய்ச்சலோடு ஷிப்ட்டுக்குப் போகிறவரைச் சுறுசுறுப்பானவர் என்று பாராட்டுகிறோம்.

இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்து, இ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. காசநோய் போன்ற நீண்ட நோய்க்கு இதைவிடக் கூடுதலான உதவி உண்டு. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இந்த உரிமை இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் குடியிருப்பை அரசு 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. இத்தனை பேர் ஒரே வளாகத்தில் உறங்கும் காலம் வந்துவிட்டது. தொற்று வந்தவருக்கென்று ஜன்னல் உள்ள ஒரு தனி அறையும் காற்று வாங்க ஓர் ஒதுக்கிடமும் எந்த விடுதியின் வரைபடத்திலும் முதலிலேயே இருக்க வேண்டும்.

லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் பெரியவர்களிடமும் விடுதிக் காப்பாளர் அம்மாக்களிடமும் ஒரு வேண்டுகோள். மொட்டை மாடிக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், அதற்குக் காரணமும் இருக்கலாம். யாராவது காய்ச்சல் வந்து தனியாகக் கிடந்தால், காய்ச்சல் இறங்கிய பிறகு மற்றவர்கள் மேலே வராத அரை மணி நேரத்தை அவருக்கென்று ஒதுக்கிச் சாவியைக் கொடுங்கள். சாப்பாட்டை ரூம் வாசலில் வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு எந்த மருத்துவச் சந்தேகம் கேட்க வேண்டுமென்றாலும் 104 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.