கடுதாசிகளைப் பத்திரப்படுத்தியவர்



ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்குக் கல்வி உளவியல் சொல்லிக்கொடுத்தே என் காலம் கழிந்தது. அதைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கோலாலம்பூருக்கு அழைத்திருக்கிறீர்கள். நான் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இடைசெவல் என்று பெயர். திருநெல்வேலிச் சாலையில் இருக்கிறது. கரிசல் பூமி. கோடையில் ஆள் கால் உள்ளே போகும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் அதே மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. பருத்தியும் கம்பும் சோளமும் வானத்தைப் பார்த்து விளைகிற காடு.

அந்தச் சின்ன ஊரில் இரண்டு நண்பர்கள். இருவருமே பின்னாளில் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள். கு.அழகிரிசாமிக்கு 1970இல், அவர் இறந்த பிறகு. கி.ராஜநாராயணனுக்கு 1991இல். அழகிரிசாமி பள்ளிப் படிப்பை முடித்தவர். கி.ரா. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அந்தக் கி.ரா.வைத்தான் புதுவைப் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் வருகைதரு பேராசிரியராக அழைத்து உட்காரவைத்தது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் கி.வேங்கடசுப்பிரமணியன். பட்டம் இல்லாத ஒரு சம்சாரியை, அதாவது விவசாயியை, பேராசிரியர் நாற்காலியில் உட்காரவைத்த அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். நாட்டார் கதைகளைத் தொகுக்கும் வேலையில் இளையவர்கள் அவரிடம் பயின்றார்கள். அதற்கு முன்பே, 1982இல், கரிசல் வட்டாரத்துக்கென்று தனியாக ஒரு சொல்லகராதியை அவர் கொண்டுவந்திருந்தார்.

உளவியலுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ருஷ்யாவில் வைகாட்ஸ்கி என்றொரு அறிஞர் இருந்தார். 1934இல், முப்பத்தேழு வயதில் இறந்துபோனார். விளையாட்டில் குழந்தை ஒரு பொருளை இன்னொன்றாக ஆக்கிக்கொள்கிறது, குச்சி அதற்குக் குதிரையாகிவிடுகிறது, அப்படித்தான் சிந்தனை வளர்கிறது என்று 1933இல் ஒரு சொற்பொழிவில் விளக்கினார். அந்தச் சொற்பொழிவு ருஷ்ய மொழியிலேயே 1966இல்தான் அச்சேறியது. அதற்கு முன்பே கி.ரா. 'கதவு' கதையை எழுதிவிட்டார். ஓர் ஏழைச் சம்சாரியின் பிள்ளைகளுக்கு வீட்டுக் கதவுதான் பஸ். ஏறுவார்கள், ஆடுவார்கள், ஊர் ஊராகப் போவார்கள். கண்டெடுத்த தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டிவைப்பார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். பெரியவர்களுக்கு அது மரம். பிள்ளைகளுக்கு அவர்களுடைய உலகமே பறிபோகிறது. ஒரு வகுப்பில் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் வகுப்பு வெகுநேரம் பேசவில்லை. அதன் பிறகு 'பாவனை விளையாட்டு' என்பதற்கு நான் இலக்கணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அழகிரிசாமி இன்னும் நுட்பம். 'அன்பளிப்பு' கதையில் ஸாரங்கன் என்ற பையன். மற்றப் பிள்ளைகளுக்குப் பெயர் எழுதிப் பரிசு தந்த பெரியவர் தன்னை விட்டுவிட்டார் என்பது அவன் மனசில் தைத்துக் கிடக்கிறது. அவன் கேட்கவில்லை, அழவில்லை. அவரை வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரிக்கிறான். பிறகு ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அவர் அன்பளிப்பாகக் கொடுத்ததாக எழுதித்தரச் சொல்கிறான். வகுப்பில் எந்தப் பிள்ளையின் பெயரை நாம் கூப்பிடாமலேயே ஒரு வருஷம் ஓட்டிவிட்டோம் என்று இதைப் படிக்கிற ஆசிரியர் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்ப்பார். நான் நினைத்துப் பார்த்தேன். முகங்கள் வந்தன. சிலருக்குப் பெயர் வரவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

இவர்களுக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பார்வை? நான் கண்ட இடம் கடுதாசிகள். கடிதத்தைக் கரிசலில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஊரை விட்டு வெளியேறிய அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கி.ரா. அவற்றைத் தூக்கிப் போடவில்லை. கரையானுக்கும் மழைக்கும் தப்பவைத்துக் காப்பாற்றி, நண்பர் மறைந்த பிறகு புத்தகமாகக் கொண்டுவந்தார். அச்சுக்கு என்று எழுதாத எழுத்து அது. ஒரு மனசு எப்படி யோசிக்கிறது, எதற்கு ஏங்குகிறது என்பது அதில் மறைப்பில்லாமல் தெரியும். உளவியல் படிக்கிறவனுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. அதை எந்த ஆவணக் காப்பகமும் சேர்த்து வைக்கவில்லை. ஒரு சம்சாரி வீட்டில் தங்கியிருந்தது.

கி.ரா. 2021 மே மாதம் புதுச்சேரியில் காலமானார். அரசு மரியாதையோடு இடைசெவல் மண்ணுக்கே திரும்பினார். அடுத்த ஆண்டே கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் எழுந்துவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் அரங்கத்தைக் கட்ட அரசாங்கத்தால் முடியும். காகிதத்தைக் காப்பாற்ற வீடுகள் வேண்டும்.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். 1950களில் சில ஆண்டுகள் அழகிரிசாமி இதே கோலாலம்பூரில், தமிழ் நேசன் அலுவலகத்தில் வேலை பார்த்தார். இங்கிருந்த இளம் எழுத்தாளர்களை உட்காரவைத்துக் கதைகளை அலசினார். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. உங்களில் யாருடைய தாத்தாவோ அவர் முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டுப் பரணில் ஒரு ஞாயிறு மலர் இருக்கலாம். திருத்தம் போட்ட கையெழுத்துப் பிரதி இருக்கலாம். அவர் கையால் எழுதிய இரண்டு வரிக் கடுதாசி இருக்கலாம்.

தாள் உங்களிடமே இருக்கட்டும். கைபேசியில் ஒரு படம் எடுத்து, யார் யாருக்கு எந்த ஆண்டு எழுதியது என்று மட்டும் குறித்துக் கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாசலோரம் உள்ள மேஜையில் நானும் உங்கள் சங்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் நோட்டோடு உட்கார்ந்திருப்போம்.