வேலையையும் விடாதே, கூலியையும் விடாதே

தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையை முழுசாப் பிடிச்சிருக்கிற தமிழாசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, டீ குடிக்கப் போயிட்டு நான் மைக்கைத் தொட்டதும் அவசர அவசரமாத் திரும்பி வந்திருக்கிற என் அன்புத் தம்பிகளே!

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, 'வேலையில் இருந்துகொண்டே எழுதிச் சம்பாதிப்பது எப்படி?' செயலாளர் போன்ல சொன்னதும் நான் கேட்டேன்: "ஐயா, கொல்லன் தெருவுல ஊசி விற்கச் சொல்றீங்களே?" புதுக்கோட்டைக்காரனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கணுமா? இங்கிருந்து தஞ்சாவூர் ரோட்டைப் பிடிச்சா பெருங்களூர். 1922ல அந்த ஊர்ல ஒரு பிள்ளை பிறந்தது. பேரு அகிலாண்டம். படிச்சு முடிச்சுப் போய்ச் சேர்ந்த இடம் ஆர்.எம்.எஸ். இப்ப இருக்கிற பிள்ளைகளுக்கு ஆர்.எம்.எஸ்.னா தெரியாது. ரயில்வே மெயில் சர்வீஸ். அப்பல்லாம் ரயில்லயே தபாலுக்குன்னு தனிப்பெட்டி ஒண்ணு இருக்கும். நீங்க தூங்கிக்கிட்டே ஊருக்குப் போவீங்க, அந்தப் பெட்டிக்குள்ள ஒருத்தன் நின்னுக்கிட்டே காரைக்குடி இது, மானாமதுரை இதுன்னு கடுதாசியைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுவான். அடுத்தவன் எழுதினதை ஊர் ஊராப் பிரிக்கிற இலாகாவுல இருந்துகிட்டே அந்தப் பெருங்களூர்க்காரர் தானும் எழுதினார். 'பெண்' நாவலுக்குக் கலைமகள் நாராயணசாமி ஐயர் பரிசு. 1963ல 'வேங்கையின் மைந்த'னுக்குச் சாகித்திய அகாதெமி. 1975ல 'சித்திரப்பாவை'க்கு ஞானபீடம்! தமிழுக்கு வந்த முதல் ஞானபீடம் எங்கே வந்தது? நம்ம மண்ணுல பிறந்த அகிலனுக்கு வந்தது!

தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. ஏன் தட்டச் சொல்றேன்னா, தட்டாத ஆளுங்களும் இருக்காங்க. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா அவங்களுக்கு அது விளம்பரம். அகிலனான்னு கேட்டா உதட்டைப் பிதுக்குவாங்க. "அவர் ஜனரஞ்சகம் சார், இலக்கியம் இல்லை." ஐயா, உங்க புத்தகத்தை முன்னூறு பிரதி போட்டீங்க. இருநூத்தித் தொண்ணூறு கட்டிலுக்கு அடியில இருக்கு. மிச்சம் பத்தையும் விமர்சனத்துக்கு அனுப்பி, விமர்சனத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்தீங்க! அகிலனை வாரம் முழுக்கக் காத்திருந்து படிச்ச அம்மாவை எனக்குத் தெரியும், என்னைப் பெத்த அம்மா அவங்க. அவர் எழுதினது எல்லாமே எனக்கும் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன். சில இடத்துல வசனம் நீளும், லட்சியம் பேசிக்கிட்டே இருப்பாங்க. அதை நான் சொல்லுவேன். நீ சொல்லாதே! (செயலாளர் சிரிக்கிறார், அப்ப சரியாத்தான் போயிட்டிருக்கு.)

எங்கே விட்டேன்? வேலை. அகிலன் நடுவுல வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதியும் பார்த்தார். அப்புறம் சென்னை வானொலி நிலையத்துல வேலைக்குச் சேர்ந்தார். வேலையில இருக்கும்போதுதான் ஞானபீடம் வந்தது. இதைக் கேட்டுக்குங்க தம்பிகளா. ரெண்டு கதை பத்திரிகையில வந்ததும் மேலதிகாரி மூஞ்சியில ராஜினாமாவை வீசணும்னு சில பேருக்குக் கை பரபரக்குதே, அவங்களுக்காகச் சொல்றேன். புதுமைப்பித்தன் 1948ல காசநோயில போனபோது வயசு நாற்பத்திரெண்டு. எழுத்தையே நம்பின மேதை. அந்த வீட்டுல மருந்துக்குக் காசு இல்லை. மேதைக்கே அந்தக் கதின்னா, நீயும் நானும் மாசம் ஒண்ணாம் தேதிச் சம்பளத்தை மதிக்கணுமா வேண்டாமா?

ஒருத்தரைச் சொல்லணும். அவர் இந்தக் கூட்டத்துல, பின்வரிசையில உட்கார்ந்திருக்கார். திரும்பிப் பார்க்காதீங்க! பேரைச் சொன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்னு சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கார். ஒருகாலத்துல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல டிரங்க்கால் ஆபரேட்டர். எந்த ஊர் எக்ஸ்சேஞ்சுன்னு கேட்காதீங்க. டிரங்க்கால்னா வெளியூருக்குப் போடுற போன், மூணு நிமிஷக் கணக்கு. மூணு நிமிஷத்துக்குள்ள ஒருத்தன் கல்யாணத்தைப் பேசணும், சாவைச் சொல்லணும், கடனைக் கேட்கணும். நாள் முழுக்க அதை இணைச்சுக் கொடுத்தவருக்கு ஒரு பயிற்சி வந்துடுச்சு. எதையும் மூணு வரியில சொல்லிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து 15 காசு கார்டுல ஒரு ஜோக். அவ்வளவுதான். வாரப் பத்திரிகைகள்ல ஊர்ப்பேரும் ஆள்பேருமா வருமே, துணுக்கு எழுத்தாளர்கள், அந்தப் பரம்பரை.

ஒருநாள் வந்தது மணியார்டர். இருபத்தஞ்சு ரூபாய். தபால்காரர் சும்மா இருப்பாரா? தெருமுனையில இருந்தே சொல்லிக்கிட்டு வந்தார். சாயங்காலத்துக்குள்ள மூணு பேர் கடன் கேட்டு வந்துட்டாங்க. மறுநாள் ஆபீஸ்ல மெமோ. "தாங்கள் துறையின் முன் அனுமதியின்றி வேறு வருமானம் ஈட்டுவதாகத் தெரிய வருகிறது. விளக்கம் தருக." மனுஷன் ராத்திரி முழுக்கத் தூங்கலை. அப்புறம் யாரோ ஒரு சங்கத் தோழர் புத்தகத்தைப் பிரிச்சுக் காட்டினார். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964. இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்து எப்பவாவது செய்யற வேலைக்கு முன் அனுமதி வேண்டியதில்லை. அதை அப்படியே எழுதி, அச்சான ஜோக்கையும் இணைப்பா வெச்சுக் கொடுத்தார். மேலதிகாரி படிச்சார். சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியலை. மெமோவைக் கிழிச்சார். அதோட விட்டாரா? மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து, "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, இதை அனுப்பினா போடுவானா பாருய்யா"ன்னார்!

அந்த விதியை எல்லாரும் ஒருதடவை படிங்க. மாநில அரசுக்காரங்க அவங்க விதியைப் படிங்க, தனியார் கம்பெனிக்காரங்க வேலை உத்தரவோட பின்பக்கத்தைப் படிங்க. இலக்கியம், கலை, அறிவியலுக்குத்தான் அந்தச் சலுகை. அரசாங்கத்தைத் திட்டிக் கட்டுரை எழுதிட்டு, 'ஐயா சொன்னார்'னு என் பேரை இழுக்காதீங்க. இன்னொண்ணு, ஆபீஸ் வேலையா நீங்க எழுதினது ஆபீஸுக்குச் சொந்தம், சட்டமே அப்படித்தான். உங்க கதையை உங்க வீட்டுத் தாள்ல, உங்க ராத்திரியில எழுதுங்க.

ராத்திரின்னதும் கந்தர்வன் ஞாபகம் வருது. பாருங்க, பேரைச் சொன்னதும் அந்தப் பக்கம் கைதட்டல். அவரோட நிஜப் பேரு நாகலிங்கம்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ராமநாதபுரத்துச் சிக்கல்ல பிறந்து, நம்ம ஊர்க்காரராவே ஆயிட்டவர். கருவூலத் துறையில வேலை. கருவூலம்னா என்ன? வாத்தியார் சம்பளமும் கிழவியோட பென்ஷனும் அந்த மேஜையைத் தாண்டித்தான் வெளியே வரணும். பகல்ல பில்லு, சாயங்காலம் சங்கம், கொடி, ஊர்வலம், வாசல் கூட்டம். இதுக்கு நடுவுல 'பூவுக்குக் கீழே', 'கொம்பன்'னு கதைகள். எப்ப எழுதினார் மனுஷன்? அவர் கதையில வர்ற குமாஸ்தா பொய்யா இருக்க மாட்டான். ஏன்னா பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்தவன் அவன். அவரோட 'சாசனம்' கதையை இயக்குநர் மகேந்திரன் படமா எடுத்தார். 2006ல படம் திரைக்கு வந்தபோது கந்தர்வன் இல்லை. 2004லயே போயிட்டார்.

...சரி.

வேலை எழுத்துக்கு எதிரின்னு எவன் சொன்னான்? நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியா ஊர் ஊரா அலைஞ்சார். தோப்பில் முகமது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் பண்ணினார். சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல இன்ஜினியர். வெள்ளைக்காரன் நாட்டுல ஆந்தனி டிரோலப்னு ஒருத்தர். அவரும் தபால் இலாகாதான்! தினம் விடியக்காலையில எந்திரிச்சு, கடிகாரத்தை எதிர்ல வெச்சுக்கிட்டு, கால் மணி நேரத்துக்கு இருநூத்தைம்பது வார்த்தைன்னு எழுதிட்டு ஆபீஸுக்குப் போவார். அந்த நாட்டுல தெருவுல தபால் பெட்டி வைக்கலாம்னு யோசனை சொன்னவரும் அவர்தான். பெருங்களூருக்கும் லண்டனுக்கும் என்ன சம்பந்தம் பாருங்க. தபால்காரன் எழுதுவான்யா!

உங்க வேலையிலதான் சரக்கு இருக்கு. கீரனூர் ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி பார்க்கிற தங்கச்சிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியுமா? கோட்டைப்பட்டினத்துல மீன் ஏலம் விடுறவன் ஒரு மணி நேரத்துல பார்க்கிற மனுஷங்களை நான் ஒரு வருஷத்துல பார்க்க மாட்டேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், நெடுவாசல். தகப்பன் வெச்ச தென்னை ஒரே ராத்திரியில படுத்துடுச்சு. சென்னையில இருந்து கேமரா வந்தது, மூணு நாள் நின்னது, போயிடுச்சு. நாலாம் நாள்ல இருந்து நடந்ததை எவன் எழுதினான்? விழுந்த மரத்தை எந்த விலைக்கு வெட்டிக்கிட்டுப் போனான், அடுத்த கன்னு காய்க்கிற வரைக்கும் அந்த வீடு எதைத் தின்னுச்சு? அதை எழுத வேண்டியவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கான். வி.ஏ.ஓ.வா இருக்கலாம், உரக்கடைக்காரனா இருக்கலாம். எழுதுய்யா! உன்னைத் தவிர வேற ஆளே கிடையாது!

தாய்மார்கள் கேட்பீங்க, எங்களுக்கு ஆபீஸும் வேலை, அடுப்படியும் வேலை, எப்ப எழுதறதுன்னு. கேள்வி நியாயம். பதில் உங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு, அவரைப் பாத்திரம் கழுவச் சொல்லுங்க. சிரிக்காதீங்க, நிஜமாச் சொல்றேன். தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கத்துல எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு, அதே சூட்டுல சைக்கிளும் ஓட்டினாங்களே நம்ம மாவட்டத்துப் பெண்கள், பத்திரிகையாளர் பாலகும்மி சாய்நாத் வந்து பார்த்து எழுதினாரே, அவங்க பேத்திங்கதானே நீங்க? அன்னிக்குச் சைக்கிளைக் கேலி பண்ணினவன்தான் இன்னிக்கு உங்க நோட்டைக் கேலி பண்றான்.

துண்டுச்சீட்டு வந்துடுச்சு. அஞ்சு நிமிஷமாம். முக்கியமானதை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை!

கூலி. இந்த மேடைக்கு மைக்செட் போட்ட தம்பிக்குக் காசு உண்டு. பந்தல்காரருக்கு உண்டு. நாற்காலிக்கு வாடகை உண்டு, ஒரு கால் ஒடிஞ்சா அபராதமும் உண்டு. எழுத்தாளனுக்கு? பொன்னாடை! என் வீட்டு பீரோவைத் திறந்தா ஐம்பது பொன்னாடை, நாலு சட்டை. ஒரு பத்திரிகை, பேரு வேண்டாம், என் கட்டுரையை முழுப்பக்கம் போட்டுச்சு. மாசம் கழிச்சுச் சன்மானம் கேட்டேன். "அதான் உங்க பேரு வந்துச்சே சார்"னாங்க. அந்தப் பேரை நறுக்கிக் கொண்டுபோய் மளிகைக் கடையில நீட்டினா துவரம்பருப்பு போடுவானா?

இதுல வேடிக்கை, போன மாசம் ஒருத்தர் வந்து ஒரு மேடையில பேசினார். "எழுத்து ஒரு தவம். காசை எதிர்பார்க்கிறவன் எழுத்தாளன் இல்லை." அடேங்கப்பா! தவம் பண்ண வந்தவருக்கு ஏ.சி. பெட்டியில டிக்கெட், ஏ.சி. ரூம், போகும்போது கவர். நம்ம ஊர்ப் பையன் மட்டும் காத்தைக் குடிச்சுக்கிட்டு எழுதணும்! அந்தக் கூட்டத்துக்கு நம்ம பின்வரிசை டிரங்க்கால்காரரும் போயிருந்தார். வெளியே வந்து என் காதுல மூணே வரி சொன்னார். மைக்குல சொல்ற மாதிரி இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன், நாற்பது வருஷமா எழுதுறாரே, ஒரு ஜோக்குக்குக்கூடக் காசு வரலைன்னா அந்தப் பத்திரிகைக்கு மறுபடி அனுப்பினதில்லை அவர். வேலையில இருந்ததாலதான் அவரால அப்படி இருக்க முடிஞ்சது. வயித்துக்கு வேற வழி இருக்கிறவன்தான் கூலியைத் தலைநிமிர்ந்து கேட்பான். சம்பளம் வாங்குற நீ ஓசியில எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்? எழுத்தையே நம்பியிருக்கிறவன் வயித்துல அடிச்ச மாதிரி ஆகும். அதனால, எழுதறதுக்கு முன்னாடியே கேளுங்க: எவ்வளவு, எப்ப? வெட்கமா இருந்தா கடுதாசியில கேளுங்க. புத்தகம் போடுறேன்னு எவனாவது வந்தா, எழுத்துல வாங்குங்க. 1957ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்துல இல்லாம, கையெழுத்து இல்லாம உரிமையை மாத்திக் கொடுக்க முடியாது. எத்தனை வருஷத்துக்குன்னு அதுல போடலைன்னா அஞ்சு வருஷம்தான் கணக்கு. 'வாயால சொன்னீங்களே'ன்னு எவன் வந்தாலும் இதைச் சொல்லுங்க.

ரெண்டாவது சீட்டும் வந்துடுச்சு. முடிச்சுக்கறேன். தம்பி, தங்கச்சிகளா, இந்த வாரமே ஒண்ணு எழுதி அனுப்புங்க. அனுப்பும்போது முகவரிக்குக் கீழே வங்கிக் கணக்கு எண்ணையும் எழுதுங்க. இங்கே வந்திருக்கிற பத்திரிகை நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: எங்க மாவட்டத்துப் பிள்ளை அனுப்பினது பிடிக்கலைன்னா திருப்பி அனுப்புங்க, வருத்தமே இல்லை. அச்சுல போட்டீங்கன்னா காசைக் கொடுத்துடுங்க.