முதலில் யார் பேச வேண்டும்?



நம் லேபில் எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த விடி220 டெர்மினலை, அனுமதி வாங்கி ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். டிஜிட்டல் நிறுவனம் 1983-இல் வெளியிட்டது. திரை எரிந்தது, கீபோர்டைத்தான் காணோம். இன்றைய யுஎஸ்பி கீபோர்டைச் சேர்க்க ஒரு அடாப்டர் செய்தேன்.

முதல் நாளே புகை! பழைய எல்கே201 கீபோர்டுக்கு டெர்மினல் தருவது 12 வோல்ட்; என் சிப் தாங்குவது 5 வோல்ட். மீட்டர் வைத்துப் பார்க்காதது என் தப்பு. ரெகுலேட்டர் போட்டேன். சிக்னல் மட்டத்தையும் மாற்றினேன். வேகம் நொடிக்கு 4800 பிட் என வைத்தேன். ஆனாலும் கீபோர்டு பழுது என்றே திரை சொன்னது.

எங்களுக்கு லேப் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஐயாவைத் திருச்சியில் போய்ப் பார்த்தேன். "தம்பி, கரண்ட் வந்ததும் முதல்ல யாரு பேசணும்?" என்றார். அங்கேதான் பிடிபட்டது.

எல்கே201 கரண்ட் வந்ததும் தன்னையே சோதித்து நான்கு பைட் அனுப்பும். மூன்றாவது 0 என்றால் பழுதில்லை. நான்காவது 0 என்றால் எந்த விசையும் அழுந்திக் கிடக்கவில்லை. என் அடாப்டரோ யுஎஸ்பி கீபோர்டு விழிக்கட்டும் என்று சும்மா இருந்தது. அதற்குள் டெர்மினல் முடிவு கட்டிவிட்டது! நான்கு பைட்டை முதலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்படி புரோகிராமை மாற்றினேன். அன்று ராத்திரி தட்டிய எழுத்தெல்லாம் திரையில் வந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, முதலில் வோல்ட், அடுத்து சிக்னல் மட்டம், அப்புறம் வேகம், கடைசியில் யார் முதலில் பேசுவது. இந்த வரிசையில் பாருங்கள். பார்க்காமல் எதையும் எடைக்குப் போடாதீர்கள். டெர்மினல் வாசல் மேசையில் இருக்கிறது. தட்டிப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.