214 கோடியில் முட்டி நிற்கும் கடிகாரம்

(நம் வளாகக் குடியரசு தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குழந்தைகளின் நடனத்துக்கும் காலைச் சிற்றுண்டிக்கும் நடுவே என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பசியோடு இருப்பவர்களிடம் நிறையக் கணக்குப் பேசுவது நியாயமில்லை. ஆகவே ஒரே ஒரு எண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

2147483647. அதாவது, 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. முப்பத்தோரு 2-களைப் பெருக்கி, அதில் 1-ஐக் கழித்தால் இது வரும்.

இது ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. இப்படி 1-ஐக் கழித்து வருவதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. பதினோரு 2-களைப் பெருக்கி 1 கழித்தால் 2047. அது 23-ஐ 89-ஆல் பெருக்கினாலே கிடைத்துவிடும். நம் எண் அப்படி உடையாது என்று 1772 வாக்கில் நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. 46,340 வரையுள்ள எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆய்லர் அதையும் சுருக்கினார். இதை வகுக்கும் பகா எண் இருந்தால், அந்தப் பகா எண்ணை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே தீரும் என்று கண்டார். வேலை 372 வகுத்தல்களுக்குள் அடங்கியது.

சரி, நம் கேட்டுக்கும் சிசிடிவிக்கும் இதில் என்ன சம்பந்தம்?

பல கருவிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளை எண்ணித்தான் தேதி சொல்கின்றன. பழைய முறையில் அந்த எண்ணிக்கைக்கு 32 பிட் இடம். ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போக மீதி 31. அதில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் 2147483647.

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்த எண் வந்துவிடும். பழைய ஈபி மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 காட்டுவது போல, அடுத்த வினாடி இது கழித்தல் எண்ணாகி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடலாம்.

பயப்பட வேண்டாம். இன்றைய போன்களும் கணினிகளும் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. அதற்கு 29,200 கோடி ஆண்டுகள் தாங்கும். கவலை, சுவரில் மாட்டிவிட்டு நாம் மறந்துவிடும் கருவிகளைப் பற்றித்தான். சிசிடிவி பதிவில் தேதி தவறினால், திருட்டு நடந்த நாளின் காட்சியைத் தேடி எடுப்பது கடினம். கேட் கார்டுக்கு 2040 வரை செல்லுபடி என்று பதிந்தால், பழைய மென்பொருள் இன்றே தடுமாறக்கூடும்.

செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இதுதான். இனி எந்தக் கருவி வாங்கினாலும், ஏஎம்சி புதுப்பித்தாலும், "2038 ஜனவரி 19-க்குப் பிறகும் தேதி சரியாக இருக்குமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். புதுக் கருவியைப் பொருத்தும் முன் அதில் 2038 ஜனவரி 20 என்று தேதி வைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

ஆய்லர் 372 வகுத்தல் வரை தயாராக இருந்தார். நாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

இட்லி ஆறுவதற்குள் போகலாம்.