நகர்மன்றத் தலைவர் கொடுத்த அப்டேட்டும், அதுக்குக் கீழ வந்த ஒரு கேள்வியும்

(நகர தகவல் தொழில்நுட்பப் பிரிவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத நண்பர்கள் கேட்டதால் இங்கே பதிவிடுகிறோம்.)

 

எனக்கு மேடைப் பேச்சு வராது. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிச்சவன். வைவால கூட பாதிதான் பதில் சொல்லியிருக்கேன். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

போன மாசம் தலைவர் அக்கா நம்ம நகராட்சியில என்னென்ன நடந்திருக்குன்னு ஒரு அப்டேட் கொடுத்தாங்க. பள்ளிக்கூடத்துக் காலை உணவு, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து நடைபாதைக் கடைகள், தூய்மைப் பணியில புதுசா எடுத்த ஆட்கள்னு எல்லாம் அதுல இருந்துச்சு. நாம அதைக் கார்டு கார்டா டிசைன் பண்ணிப் போட்டோம். நல்லாவே போச்சு. ஷேர் எண்ணிக்கையைப் பார்த்து நம்ம குரூப்ல பட்டாசு எமோஜி பறந்தது ஞாபகம் இருக்கும்.

அந்தப் பதிவுக்குக் கீழ ஒரு கேள்வி வந்தது. "எங்க ஊரை நகராட்சியில சேர்த்துட்டீங்க. எங்க நூறு நாள் வேலை என்னப்பா ஆச்சு?" அவ்வளவுதான். திட்டல, கேலி பண்ணல. அதுக்கு நம்ம ஆள் ஒருத்தர், "போய் எதிர்க்கட்சிக்காரன்கிட்ட கேளு"ன்னு பதில் போட்டுட்டார். யாருன்னு சொல்லமாட்டேன், அவரும் இங்கதான் உட்கார்ந்திருக்கார். அந்தப் பதிலுக்கு லைக் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன், அதையும் சொல்லிடறேன்.

ராத்திரி படுத்தா அந்தக் கேள்வியே ஓடுது. நியாயமான கேள்விதானே? நூறு நாள் வேலைன்னு நாம சொல்ற 2005-ஆம் வருஷச் சட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டும்தான் எழுதப்பட்டது. ஊராட்சி நகராட்சியாயிட்டா அந்த வேலை கிடையாது. 2025-26-க்கு தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். நூறு நாளும் முழுசாக் கிடைச்சா ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 33,600 ரூபாய். நாம ஒரு போன் வாங்கற காசு. அவங்களுக்கு அது ஸ்கூல் ஃபீஸும் தீபாவளியும். 2025 ஜனவரியில ஊராட்சிகளைப் பக்கத்து மாநகராட்சி, நகராட்சியோட சேர்க்கிற அறிவிப்பு வந்தப்ப, பல ஊர்ல பெண்கள் மனுவோட கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போனது சும்மா இல்ல. வரி ஏறும், வேலை போகும்ங்கிறது அவங்களுக்குத் தெளிவாத் தெரிஞ்சிருந்தது.

ஞாயித்துக்கிழமை அந்த வார்டு கவுன்சிலர் அண்ணனோட அவங்க வீட்டுக்கே போனேன். பேரு வேண்டாம், அம்மான்னே சொல்றேன். வயசு 46. "நீங்கதானா தம்பி எதிர்க்கட்சிகிட்ட கேட்கச் சொன்னது?"ன்னு சிரிச்சாங்க. மன்னிப்புக் கேட்டேன். மோர் கொடுத்தாங்க.

அவங்க இப்ப தூய்மைப் பணிக்குப் போறாங்க. அக்கா அப்டேட்ல சொன்ன "புதிய வேலைவாய்ப்பு" இருக்கே, அதுல ஒருத்தர் இவங்கதான்! நாம கார்டுல போட்ட எண்ணிக்கைக்குள்ள இருக்கிற ஒரு ஆளு, நம்ம பதிவுலயே வந்து கேள்வி கேட்டிருக்காங்க, நமக்குத் தெரியல. வேலை நகராட்சிக்கு, சம்பளம் ஒப்பந்ததாரர்கிட்ட. "பி.எஃப்னு மாசாமாசம் பிடிக்கிறாங்க தம்பி. எங்க போகுதுன்னுதான் தெரியல"ன்னாங்க.

இங்க கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா நாம உதவக்கூடிய இடம் இதுதான்.

பி.எஃப்-க்குத் தொழிலாளி சம்பளத்துல 12 சதவீதம் பிடிப்பாங்க. முதலாளியும் அதே 12 சதவீதம் போடணும். அந்த ரெண்டாவது பாதியில 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகும். அடிப்படைச் சம்பளம் 10,000-ன்னா இவங்க பங்கு 1,200, அவங்க பங்கு 1,200. பென்ஷனுக்குக் குறைஞ்சது பத்து வருஷம் கணக்கு ஓடணும், 58 வயசுல கிடைக்கும். இந்த அம்மாவுக்கு 58-க்கு இன்னும் 12 வருஷம்தான். நடுவுல ரெண்டு வருஷம் கணக்கு விட்டுப்போனா விளிம்புல நிக்கிறாங்க. சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ-யும் உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. குடும்பத்துக்கே வைத்தியம். அந்த அட்டை தன் கைக்கே வரலன்னாங்க.

சரி, 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தா பி.எஃப் இருப்பு மெசேஜா வரும்னு எனக்குத் தெரியும். நான் பெரிய டெக்னிக்கல் ஆளு மாதிரி அவங்க போனை வாங்கிக் கால் பண்ணேன். ஒண்ணும் வரல. மறுபடியும் பண்ணேன், வரல. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அப்புறம்தான் விஷயம் புரிஞ்சது. யூ.ஏ.என்-ல பதிவு பண்ணின மொபைல் நம்பர் அவங்களோடதே இல்ல. சேர்க்கும்போது சூப்பர்வைசர் நம்பரைக் கொடுத்துட்டாங்களாம். பாதிப் பேருக்கு அப்படித்தான்னு சொன்னாங்க. யாரும் சதி பண்ணாங்கன்னு நான் சொல்லல, சோம்பேறித்தனமாவும் இருக்கலாம். ஆனா விளைவு ஒண்ணுதான். தன் பணத்தைத் தானே பார்க்க முடியாது.

ஆதார்ல இருக்கிற நம்பரை வச்சு யூ.ஏ.என்-ஐச் சரி பண்ணி, உமங் ஆப்ல பாஸ்புக்கைத் திறக்க எங்களுக்கு ரெண்டு ஞாயிறு ஆச்சு. ஆதார்ல ஒரு மாதிரியும் பி.எஃப்ல வேற மாதிரியுமா பேர் இருந்தது தனிக் கதை. திறந்து பார்த்தா, பிடிச்ச மாசம் எல்லாம் கணக்குல வரல. நடுவுல ஓட்டை.

இதை வாட்ஸ்அப்ல நானே வெடிச்சிருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் கையில இருந்தது. பண்ணல. நேரா தலைவர் அக்காகிட்ட எடுத்துட்டுப் போனேன். பயமாத்தான் இருந்தது, ஏன்னா இது அவங்க நிர்வாகத்துல நடக்கிற விஷயம். அக்கா முழுசாக் கேட்டாங்க. கேட்ட ஒரே கேள்வி, "இதுல நகராட்சிக்கு என்ன பொறுப்பு இருக்கு?"

இருக்கு. ஒப்பந்ததாரர் கட்டலன்னா முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலையை வாங்கிக்கிற நகராட்சி, பொறுப்புன்னு பி.எஃப் திட்ட விதியே சொல்லுது. ஒப்பந்ததாரர் ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள பி.எஃப் அலுவலகத்துக்கு ஈ.சி.ஆர்-னு ஒரு கணக்கு தாக்கல் பண்ணணும். அதுல ஒவ்வொரு தொழிலாளி பேருக்கும் எவ்வளவு கட்டினோம்னு வரிசையா இருக்கும். நமக்குத் தெரிஞ்ச எக்செல் ஷீட் மாதிரிதான். பில்லு பாஸ் ஆகணும்னா அந்த ஷீட்டும் சலானும் கூட வரணும்னு நகராட்சி கேட்டாலே போதும். ஒரு பைசா செலவு இல்ல.

அக்கா ஆணையருக்குக் கடிதம் எழுதிட்டாங்க. அடுத்த பில்லோட ஷீட் வந்தது. விட்டுப்போன மாசங்கள்ல ரெண்டு வந்து ஏறியிருக்கு, மீதி இன்னும் வரல. கேட்டுக்கிட்டே இருக்கோம். இதை முழு வெற்றின்னு கார்டு போடச் சொல்லி யாரும் என்கிட்ட வராதீங்க.

அவங்க கேட்ட முதல் கேள்விக்கும் பதில் சொல்லணும்ல. நூறு நாள் வேலை திரும்ப வராதுன்னு நேராவே சொன்னேன். நகரத்துல வேலை இல்லாதவங்களுக்குன்னு தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 2022-ல ஆரம்பிச்சது, ஆனா அது எல்லா ஊருக்கும் வரல. நம்ம நகராட்சிக்குக் கேட்டுத் தீர்மானம் போடணும்னு அக்காகிட்ட வச்சிருக்கேன். பகுதி சபாவுல மக்களும் எழுதிக் கொடுத்தா அந்தத் தீர்மானத்துக்குக் கனம் கூடும். பகுதி சபாவுக்கு அந்தப் பகுதி வாக்காளர் எல்லாருமே உறுப்பினர்தான். கட்சிக் கார்டு தேவையில்ல.

அவங்க பொண்ணு பிளஸ் டூ முடிச்சு வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிஞ்சிருக்கு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்னு தெரியாம விட்டுடப் பார்த்தது. பதிஞ்சு அஞ்சு வருஷம் ஆகியும் வேலை கிடைக்காதவங்களுக்கு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள்ள இருந்தா, பிளஸ் டூ-க்கு மாசம் 400 ரூபாய் உதவித்தொகை உண்டு. டிகிரிக்கு 600. இன்ஜினியருக்குக் கிடையாது, நான் விசாரிச்சுட்டேன்.

பஸ் ஸ்டாண்ட் கடைக்காரங்க விஷயம் ஒரு வரி. 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழுவுல 40 சதவீதம் வியாபாரிகளே இருக்கணும். இடம் மாத்தறதுக்கு முன்னாடி அந்தக் குழு கூடணும். அக்காவுக்குத் தெரியும், நாமளும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

இப்ப நான் கேட்கிறது. வர்ற ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தூய்மைப் பணியாளர்கள் வேலை முடிஞ்சு வர்ற இடத்துல ரெண்டு மேசை போடறோம். டீ நகரச் செயலாளர் அண்ணன் செலவு, ஒத்துக்கிட்டார். ஆதார், போன் ரெண்டோட அவங்க வருவாங்க. ஒவ்வொருத்தருக்கும் பாஸ்புக்கைத் திறந்து, எந்த மாசம் ஏறலன்னு ஒரு பேப்பர்ல எழுதி அவங்க கையிலயே கொடுக்கணும். ஓ.டி.பி அவங்க போனுக்கு வரும், அதை நீங்க எழுதி வச்சுக்கக் கூடாது. யார் ஆதாரையும் போட்டோ எடுக்கக் கூடாது. கட்சித் துண்டு போட்டுட்டு வரலாம், ஆனா செல்ஃபி வேண்டாம். அந்த அம்மாவும் வர்றாங்க, மத்தவங்களுக்கு எப்படிப் பார்க்கிறதுன்னு சொல்லித் தர.

இருபது பேராவது வேணும். பவர் பேங்க் இருக்கிறவங்க எடுத்துட்டு வாங்க, அங்க பிளக் பாயின்ட் கிடையாது. வரேன்னு சொல்றவங்க இந்தப் பதிவுல வார்டு நம்பரை மட்டும் போடுங்க.