ஆள்மைய உளவளத்துணையும் பேராதனை வளாகமும்

(அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



உளவளத்துணை பற்றிப் பேச அழைத்தீர்கள். அதில் ஆள்மைய அணுகுமுறை என்று ஒன்று உண்டு. துணைநாடி வருபவருக்கு வழி சொல்லாமல், அவர் சொல்வதை அவருடைய இடத்திலிருந்து கேட்பது அதன் அடிப்படை. இதைப் பற்றி நம்மவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: "வெள்ளைக்காரருக்கு அது சரி. நம் சனம் பெரியவர்கள் வழி சொல்வார்கள் என்றுதான் வரும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் எழும்பிப் போய்விடும்." இந்தத் தீர்ப்பு பிழை என்பது என் கட்சி. தடை இருப்பது சனத்திடம் அல்ல, கேட்பவர் அமர்ந்திருக்கும் நாற்காலியில்.

இதை விளக்க, அந்த அணுகுமுறையை வகுத்த கார்ல் றொஜர்ஸ் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும். 1902இல் சிக்காகோவுக்கு அருகே ஓக் பார்க்கில் பிறந்தவர். நடனமும் சீட்டும் நாடகமும் விலக்கப்பட்ட இறுக்கமான கிறிஸ்தவ வீடு. பன்னிரண்டு வயதில் குடும்பம் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. பையன் அந்துப்பூச்சி வளர்த்தான். கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த நூலொன்றைப் படித்து, எந்தத் தீவனம் நல்லது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும், பெரியவர் வாய்ச்சொல் சொல்லாது என்று கற்றுக்கொண்டான். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் சேர்ந்ததும் விவசாயப் படிப்புக்குத்தான். நம் விவசாய பீடத்தார் தாராளமாக உரிமை கொண்டாடலாம். 1922இல் மாணவர் கிறிஸ்தவ மாநாட்டுக்காகப் பீக்கிங் சென்றார். பெற்றோரின் சமயக் கருத்துகளிலிருந்து விலகிச் சிந்திக்கத் தொடங்கியது அந்த நீண்ட பயணத்தில். பின்னர் நியூயோர்க்கில் இறையியல், அதையும் விட்டு உளவியல்.

1928 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் றொசெஸ்ரர் நகரில் சிறுவர்களோடு வேலை செய்தார். அங்கே நடந்த ஒரு சம்பவத்தை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அடங்காத மகனை ஒரு தாய் அழைத்து வந்தார். சிறு வயதில் அவள் அவனை ஒதுக்கியதுதான் காரணம் என்பது றொஜர்ஸின் கணிப்பு. அதைப் பொறுமையாக, பல அமர்வுகளில், அவளுக்கு விளங்கவைக்கப் பார்த்தார். ஒன்றும் ஏறவில்லை. "நாம் இருவரும் முயன்றோம், சரிவரவில்லை, நிறுத்திக்கொள்வோம்" என்றார். அவளும் சம்மதித்து எழுந்தாள். கதவருகே திரும்பி, "பெரியவர்களையும் இங்கே பார்ப்பீர்களா?" என்று கேட்டாள். பார்ப்போம் என்றதும் மறுபடி வந்து அமர்ந்து, தன் மண வாழ்வின் துயரத்தைக் கொட்டத் தொடங்கினாள். அவர் எழுதி வைத்திருந்த கோப்பில் அதில் ஒரு வரிகூட இல்லை. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று அன்றைக்கு அவர் கண்டுகொண்டார். மகனின் நிலையும் பிறகு தேறியது.

1940 டிசம்பர் 11ஆம் திகதி மினசோற்றாப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் இந்த எண்ணத்தைத் துணிந்து சொன்னார். அந்த நாளையே தம் சிகிச்சை முறையின் பிறந்தநாளாகப் பின்னர் கருதினார். 1957இல் ஒரு கட்டுரையில் மாற்றத்துக்கு வேண்டிய ஆறு நிபந்தனைகளை வகுத்தார். அவற்றுள் கேட்பவர் பக்கத்து மூன்றைத்தான் எல்லாரும் மனனம் செய்கிறோம்: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு. மூன்றையும் கனிவு என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். என் வாசிப்பில் இவை அதிகாரத்தைக் கீழே வைப்பதற்கான விதிகள்.

நம் சனம் எழும்பிப் போய்விடுமா? லண்டன் சமாரிட்டன்ஸ் அமைப்பின் வழியில் 1974இல் இலங்கையில் சுமித்ரயோ என்ற தொண்டர் அமைப்பு தொடங்கியது. அதன் தொண்டர்கள் அறிவுரை சொல்வதில்லை, நண்பராக இருந்து கேட்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கதவைத் தட்ட ஆட்கள் வருகிறார்கள். வழி சொல்வதற்கு நம்மிடையே சாத்திரியார் முதல் தோட்டத் தலைவர் வரை யாருக்கும் பஞ்சமில்லையே.

இனி நாற்காலிக்கு வருகிறேன். விரிவுரையாளரையே மாணவ ஆலோசகராக நியமிப்பது நம் பல்கலைக்கழகங்களின் நெடுநாள் வழக்கம். புசல்லாவைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "சேர், எனக்குப் படிக்க முடியல. வீட்டுக்கே போயிடுறேன்." நம் வாயில் முந்திக்கொண்டு வரும் பதில்: "இன்னும் இரண்டு வருசம்தானே பிள்ளை, பல்லைக் கடிச்சுக்கொண்டு இரும்." அவள் "சரி சேர்" என்று போய்விடுவாள். அதற்குப் பதிலாக, "இங்கே இருக்கிறதே பெரிய பாரமா இருக்கு, என்ன?" என்று மட்டும் சொல்லிக் காத்திருந்தால், சற்றுப் பொறுத்து வரும்: "அக்கா கார்மென்ட்ஸ்ல வேலை செஞ்சு மாசாமாசம் காசு அனுப்புறாங்க சேர். போன செமஸ்டர் ஃபெயிலானதை அவங்ககிட்ட இன்னும் சொல்லல." அவளுடைய பாரம் படிப்பு மட்டுமில்லை. ஆனால் அவளை ஃபெயிலாக்கிய வினாத்தாளைத் திருத்தியவரே எதிரில் இருந்தால், அந்த இரண்டாவது வாக்கியம் வருமா?

பகிடிவதையில் இது இன்னும் கூர்மையாகிறது. 1975இல் இவ்வளாகத்தின் இராமநாதன் விடுதியில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப மேல்மாடியிலிருந்து குதித்து முடமானார். 1997இல் பொறியியல் பீடத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சட்டம் தேவை, தண்டனையும் தேவை. ஆனால் காலையில் ஒழுக்காற்று விசாரணையில் அமரும் அதே ஆளிடம், மாலையில் ஒரு மாணவன் தனக்கு நடந்ததைச் சொல்ல மாட்டான், தான் பிறருக்குச் செய்ததையும் சொல்ல மாட்டான்.

மொழியும் அதிகாரம்தான். தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. ஆயினும் தமிழ் தெரியாத வைத்தியர் முன் தாயின் மனக்குறையை மகள் சிங்களத்தில் பெயர்த்துச் சொல்ல நேரும் இடத்தில், மகளைப் பற்றிய கவலையைத் தாய் எப்படிச் சொல்வாள்? ஒத்துணர்வுக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்க முடியாது.

உளவளத்துணையால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். 1995இல் இந்நாட்டின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 அளவில், உலகின் உச்சங்களில் ஒன்றாக இருந்தது. அடுத்த பத்தாண்டில் அது பாதியானது. அதில் பெரும்பங்கு கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த சட்டங்களுக்கு உரியது, எங்கள் துறைக்கு அல்ல. மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள் இதை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் இரகசியத்தை உடைத்தாக வேண்டும் என்பதும் எங்கள் தொழிலின் விதி.

இங்கே மெய்யியல், உளவியல் துறைத் தலைவராக இருந்த பத்மசிறி டி சில்வா பௌத்த உளவியலில் நூல்கள் எழுதியவர். பின்னர் அவுஸ்திரேலியாவில் முறையாக உளவளத்துணை பயின்று அத்தொழிலும் செய்தார். பேராசிரியராக இருந்தவர் மறுபடி மாணவராகி, பிறகு கேட்பவராக அமர்ந்தது எனக்குப் பிடித்த செய்தி. எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. புள்ளியிடும் அதிகாரமும் விசாரணை அதிகாரமும் இல்லாத, தமிழிலும் கேட்கத் தெரிந்த முழுநேர உளவளத்துணையாளர் பீடத்துக்கு ஒருவர் போதும். அவர் அறை நிருவாகக் கட்டடத்தில் இருக்கக் கூடாது. சில பிள்ளைகள் முதல் நாள் ஒன்றும் பேசாமலே இருந்துவிட்டுப் போவார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் என்ன வேலை நடந்தது என்று கணக்காய்வுப் பிரிவு கேட்கும். பதிலை எழுதித் தர நான் தயார்.